ஃபேன் கத்துதா, பேரிங் கத்துதா? – வடசென்னை லாரிகளின் சத்தக் கதை

ஃபேன்னு தலைப்பைப் பார்த்ததும் ரசிகர் மன்றம்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். "பேன்"னு எழுதினா தலை அரிக்கும்ங்கறதால ஃபேன்னே எழுதறேன் :-) லாரி எஞ்சினுக்கு முன்னாடி, ரேடியேட்டருக்குப் பின்னாடி ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்குமே, அந்த ஃபேன். அதோட சத்தத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. இதுல போய் என்ன வரலாறு இருக்குன்னு கேக்காதீங்க. நூறு வருஷத்துக்கும் மேல இருக்கு.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் லாரி பட்டறைகள்ல கொஞ்ச நேரம் நின்னா இந்தக் கேள்வி காதுல விழும்: "இன்னாபா சவுண்டு இது? ஃபேன் கத்துதா, பேரிங் கத்துதா?"

கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். லாரிக்காரருக்கு அப்படி இல்ல. ஃபேன் வேலை செய்யலைன்னா எஞ்சின் சூடாகும். சூடானா ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். அதையும் மீறி ஓட்டினா பிஸ்டன் ஜாம். ஒரு பெல்ட் விலையில முடிய வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிச்சுப் போடறதுல வந்து நிக்கும். ஒரே ஒரு வண்டியை வச்சுக்கிட்டு, அதை தானே ஓட்டி, மாசாமாசம் தவணை கட்டறவருக்கு அது ஒரு குடும்பத்தோட ஆறு மாசக் கணக்கு.

சரி, சத்தம் வழக்கத்துக்கு மாறா இருக்குன்னு சொல்றோம். அப்படின்னா வழக்கமான சத்தம் எது? இங்கதான் வரலாறு வருது. லாரி ஃபேனோட "வழக்கமான சத்தம்" நம்ம கண்ணு முன்னாடியே மூணு தடவை மாறியிருக்கு. ஒரு காலத்துல கோளாறா இருந்த சத்தம் அடுத்த காலத்துல ஆரோக்கியம். ஒரு காலத்துல ஆரோக்கியமா இருந்தது அடுத்த காலத்துல கோளாறு. வண்டி எந்தக் காலத்து வண்டின்னு தெரியாம சத்தத்தை வச்சு நோய் கண்டுபிடிக்க முடியாது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். இனிமே கொஞ்சம் விரிவா.

நிக்கற வண்டிக்குத்தான் காத்து வேணும்

முதல்ல ஃபேன் எதுக்கு வந்ததுன்னு பார்த்துடலாம். ஆரம்ப கால மோட்டார் வண்டிகளுக்கு தண்ணியைக் குளிர வைக்கறதே பெரிய தலைவலி. 1901ல ஜெர்மனியில டெய்ம்லர் கம்பெனிக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைச்ச மெர்சிடிஸ் 35 குதிரைசக்தி கார் வந்தது. அதுல தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் சதுரத்துல 8,070 சின்னக் குழாய்களைச் சேர்த்து வச்சு செஞ்சது. அதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு ஃபேன் வச்சார். வண்டி வேகமா போகும்போது எதிர்காத்தே போதும், மெதுவா போகும்போது காத்து பத்தாது, அதுக்குத்தான் ஃபேன்.

இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. ஃபேன் பொறந்ததே ஊர்ந்து போற வண்டிக்காக.

இப்ப அப்படியே எண்ணூர் விரைவுச்சாலைக்கு வாங்க. பேர்தான் விரைவுச்சாலை! சென்னைத் துறைமுகத்துல 1983ல கன்டெய்னர் முனையம் வந்தது. சரக்கு ஏற ஏற, துறைமுகத்துக்கு உள்ள போற டிரெய்லர் வரிசையும் நீண்டுக்கிட்டே போச்சு. 2000க்கு அப்புறம் பல வருஷம் ராயபுரம், காசிமேட்டுல ஆரம்பிச்சு திருவொற்றியூர் தாண்டியும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்னதைப் பார்க்காத வடசென்னைக்காரர் இருக்க மாட்டார். மணிக்கணக்குல, சில சமயம் ராத்திரி முழுக்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு தூங்கவும் முடியாது, முன்னாடி வண்டி பத்தடி நகர்ந்தா நீங்களும் பத்தடி நகரணும்.

நாப்பதடி கன்டெய்னரை இழுத்துக்கிட்டு முதல் கியர்ல ஊர்றதுதான் ஃபேனுக்கு நிஜமான பரீட்சை. எதிர்காத்து பூஜ்யம். கடல்காத்து அடிக்குமேன்னு கேக்கலாம். தெற்கே துறைமுகம் பார்த்து நிக்கற வண்டிக்கு கடல் இடது பக்கம். காத்து பக்கவாட்டுல வருது, ரேடியேட்டருக்குள்ள நேரா போகாது. முன்னாடி நிக்கற வண்டியோட சூடு வேற. அந்த நேரத்துல எஞ்சினைக் காப்பாத்தறது ஃபேன் ஒண்ணுதான்.

முதல் காலம்: எப்பவும் கத்தற ஃபேன்

1948ல ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸை ஆரம்பிச்சார். அசோக்ங்கறது அவரோட மகன் பேர். 1949ல எண்ணூர்ல ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்து வெளிய விட்டாங்க. 1950ல இங்கிலாந்து லேலண்ட் கம்பெனியோட ஒப்பந்தம், 1951ல லேலண்ட் காமெட் லாரி, 1955ல கம்பெனி பேரே அசோக் லேலண்ட். அதுக்கு முந்தின வருஷம், 1954ல, வடக்கே ஜாம்ஷெட்பூர்ல டாடாவும் பென்ஸும் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பிச்சிருந்தாங்க. அடுத்த முப்பது வருஷத்துக்கு நம்ம ரோட்டுல ஓடின பெரிய வண்டியெல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டு குடும்பம்தான்.

லேலண்ட் எஞ்சின்களை 370, 400, 680ன்னு எண் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அந்த எண் எஞ்சினோட கொள்ளளவு, கன அங்குலத்துல. 400ன்னா சுமார் ஆறரை லிட்டர். குதிரைசக்தின்னு நினைச்சுக்கிட்டு இருக்கறவங்க இப்பவும் உண்டு.

அந்தக் காலத்து லாரிகள்ல ஃபேன் அமைப்பு ரொம்ப எளிமை. கிராங்க் புல்லியில இருந்து ஒரு பெல்ட், அது வாட்டர் பம்ப் புல்லியைச் சுத்தும், அந்த பம்போட ஷாஃப்ட் முனையிலேயே தகட்டு ஃபேனை போல்ட் போட்டு முடுக்கியிருப்பாங்க. எஞ்சின் சுத்தினா ஃபேன் சுத்தும். தேவையா தேவையில்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை. நெடுஞ்சாலையில வேகமா போகும்போது எதிர்காத்தே போதும், ஆனா அப்பதான் ஃபேன் உயிரைக் குடுத்து சுத்தும். ஊர்ந்து போகும்போது காத்து தேவை, அப்ப எஞ்சின் மெதுவா ஓடறதால ஃபேனும் மெதுவா சுத்தும். வேணுங்கறப்ப இல்லை, வேண்டாங்கறப்ப நிறைய! ஃபேன் வேகம் ரெண்டு மடங்கானா அது சாப்பிடற சக்தி எட்டு மடங்கு. சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் ஏறும்.

அதனால காமெட் காலத்துல ஃபேனோட இரைச்சல் சாதாரணம். ஆக்சிலேட்டர் குடுத்தா "உஊஊ"ன்னு ஏறும், விட்டா இறங்கும். அது இல்லாம அமைதியா இருந்தாத்தான் பயப்படணும், பெல்ட் அறுந்துருச்சுன்னு அர்த்தம். அந்த இரைச்சலுக்குள்ள ஒளிஞ்சிருக்கற வேற சத்தத்தைத்தான் காது தேடும்:

கீச்சுன்னு கத்தினா பெல்ட். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது, மழைக்கு அப்புறம், திடீர்னு ஆக்சிலேட்டர் குடுக்கும்போது வரும். ஓடற பெல்ட் மேல தள்ளி நின்னு கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பார்ப்பாங்க. சத்தம் சட்டுன்னு நின்னு மறுபடி வந்தா புல்லி நேர்கோட்டுல இல்லை. தண்ணி பட்டதும் இன்னும் கூடினா பெல்ட் தொளதொளன்னு இருக்கு.

கொரகொரன்னு அரைக்கற சத்தம்னா வாட்டர் பம்ப் பேரிங். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு, ஃபேன் இறக்கையோட நுனியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கணும். ஆட்டம் இருந்தா பேரிங் போச்சு. பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல தண்ணி கசிஞ்ச கறை இருந்தா இன்னும் உறுதி.

தடதடன்னு ஒரு நடுக்கத்தோட வந்தா இறக்கையில விரிசல், இல்லை ரிவெட் லூசு. இதை நாளைக்குப் பார்க்கலாம்னு விடக்கூடாது. பிச்சுக்கிட்டு பறக்கற தகடு ரேடியேட்டரையும் கிழிக்கும், பக்கத்துல நிக்கற ஆளையும் கிழிக்கும்.

கர்ர்ர்னு உரசல், அதுவும் வண்டி இழுக்கும்போது மட்டும் வந்தா, ஃபேன் தன்னைச் சுத்தியிருக்கற கூட்டுல இடிக்குது. தப்பு பெரும்பாலும் ஃபேன்ல இல்லை. எஞ்சினைத் தாங்கற ரப்பர் உக்காந்துருச்சு, இழுக்கும்போது எஞ்சின் சாயுது. கூட்டோட உள்பக்கம் பளபளன்னு கோடு விழுந்திருக்கும்.

ஃபேனா பேரிங்கான்னு அப்பவும் சந்தேகம்னா கடைசி வழி, பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு நிமிஷத்துக்கும் குறைவா எஞ்சினை ஓட்டிப் பார்க்கறது. சத்தம் நின்னா பெல்ட் ஓட்டற சாமான்கள்ல ஒண்ணு. நிக்கலைன்னா எஞ்சினுக்கு உள்ள. அதுக்கு மேல ஓட்டக்கூடாது, தண்ணி சுத்தாது.

நீளமான ஸ்குரூ டிரைவர் ஒண்ணை பம்ப் உடம்புல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேக்கற பழக்கமும் உண்டு. 1816ல பாரிஸ்ல லென்னக்னு ஒரு டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியோட நெஞ்சுல வச்சுக் கேட்டார், அப்படித்தான் ஸ்டெதஸ்கோப் பொறந்தது. நம்ம பட்டறைக்காரர் அவர் பேரைக் கேட்டிருக்க மாட்டார், வித்தை அதேதான். என்ன, சுத்தற ஃபேன் பக்கத்துல குனியறதால லுங்கி நுனி, துண்டு எல்லாம் ஜாக்கிரதை.

எங்க தெருவுல ஒரு லாரி டிரைவர் இருந்தார். ஸ்டார்ட் பண்ணின உடனே வண்டியை எடுக்க மாட்டார். கீழ இறங்கி, பானெட் பக்கத்துல ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பார். ஏண்ணே நிக்கறீங்கன்னு கேட்டா, "வண்டி பேசும்போது குறுக்க பேசாத தம்பி"ம்பார்.

ரெண்டாம் காலம்: வாயை மூடின ஃபேன்

1973ல எண்ணெய் விலை எகிறிச்சு. தேவையில்லாதப்பவும் சுத்தி டீசல் குடிக்கற ஃபேன் மேல அப்பதான் உலகம் கண்ணு வச்சது. பெரிய லாரியில ஃபேன் முழு வேகத்துல 20 குதிரைசக்திக்கு மேல சாப்பிடும். அதே சமயத்துல அமெரிக்காவுல சத்தத்துக்கும் சட்டம் வந்தது. அங்க போக்குவரத்துத் துறை 1970களின் ஆரம்பத்துல "சத்தமில்லாத லாரி"ன்னே ஒரு திட்டம் நடத்தி, லாரியில எது எவ்வளவு கத்துதுன்னு அளந்து பார்த்தாங்க. பெரிய சத்தக்காரர்கள் பட்டியல்ல ஃபேனும் இருந்தார். 1978 முதல் புது லாரிகளுக்கு 83 டெசிபல்னு வரம்பு வந்தது.

இதோட விளைவு, ஃபேனுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல ஒரு கிளட்ச். அதுல பரவலானது விஸ்கஸ் கிளட்ச். உள்ள கெட்டியான சிலிக்கான் திரவம். முன்னாடி ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு சுருள். ரேடியேட்டர்ல இருந்து வர்ற காத்து சூடா இருந்தா சுருள் வளையும், வால்வு திறக்கும், திரவம் உள்ள பாய்ஞ்சு ஃபேனைப் பிடிச்சுக்கும். குளிர்ந்தா விட்டுடும். தகட்டு ஃபேனுக்குப் பதில் பிளாஸ்டிக் ஃபேன் வந்தது, இறக்கைகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளியைக் கூட வேணும்னே சமமில்லாம வச்சாங்க. ஆறு இறக்கை ஃபேன் நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்தினா விநாடிக்கு 200 தடவை காத்தை வெட்டும், அது ஒரே சுருதியில ஊதற மாதிரி கேக்கும். இடைவெளியை மாத்தினா அந்தச் சுருதி கலைஞ்சிடும். சங்கீதக் கச்சேரிக்கு நேர் எதிர் வேலை :-)

கொஞ்சம் கொஞ்சமா நம்ம ஊர் கனரக வண்டிகளுக்கும் இது வந்து சேர்ந்தது. காமெட்ல பழகின காதுக்குக் குழப்பமும் இங்கதான் ஆரம்பம்.

ராத்திரி முழுக்க நின்ன விஸ்கஸ் வண்டியைக் காலையில ஸ்டார்ட் பண்ணினா ஓன்னு இரையும். நிக்கறப்ப திரவம் வடிஞ்சு உள்ள சேர்ந்திருக்கும், அதனால ஃபேன் பிடிச்சுக்கிட்டே சுத்தும். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா அடங்கிடும். இது கோளாறு இல்லை. அடங்காம நாள் முழுக்க இரைஞ்சா கிளட்ச் இறுகிடுச்சு. பழைய ஆளுக்கு அந்த இரைச்சல் "நல்லாத்தானே சுத்துது"ன்னு தோணும். டீசல் போய்க்கிட்டே இருக்கும்.

இதைவிட ஆபத்து தலைகீழ். சத்தமே இல்லை, வண்டி அமைதியா போகுது, டிரைவருக்கு சந்தோஷம். ஆனா திரவம் கசிஞ்சு போய் ஃபேன் பேருக்கு சுத்திக்கிட்டு இருக்கும். நெடுஞ்சாலையில தெரியாது. துறைமுக வரிசையில நின்னு ஊர ஆரம்பிச்சதும் சூட்டு முள்ளு மேல ஏறும். எஞ்சின் சூடா இருக்கும்போது நிறுத்திட்டு, கையால ஃபேனைத் தள்ளிப் பார்க்கணும். பிசுபிசுன்னு ஒரு தடை தெரியணும். தட்டிவிட்டதும் காத்தாடி மாதிரி பல சுத்து போச்சுன்னா கிளட்ச் காலி. நடுக்குடத்தைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்குல தூசி ஒட்டியிருந்தா திரவம் எங்க போச்சுன்னு புரிஞ்சிடும்.

ஃபேன் கத்தலை, ரேடியேட்டருக்காகக் கத்துது

வடசென்னைக்குன்னு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஃபேன், பெல்ட், பேரிங், கிளட்ச் எல்லாம் சரி, ஆனா மதியத்துக்கு மேல ஃபேன் ஓயாம இரையுது. ஏன்?

ராயபுரம் பக்கம் பழைய ஆட்களைக் கேளுங்க. துவைச்சுக் காயப்போட்ட வெள்ளை வேட்டி என்ன கலர்ல வரும்னு சொல்வாங்க. சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாண்ட காலம். 2011ல உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அந்த வருஷம் அக்டோபர்ல இருந்து அது அங்க நின்னுது. நிலக்கரிக்குன்னே 2001ல எண்ணூர்ல தனித் துறைமுகம் வந்திருந்தது, இப்ப அதுக்குக் காமராஜர் துறைமுகம்னு பேரு. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970ல இருந்து 2017 வரைக்கும் ஓடுச்சு, வடசென்னை அனல் மின் நிலையம் 1990களின் நடுவுல வந்தது. கரித்தூள், சாம்பல், உப்புக்காத்து... மூணும் சேர்ந்து ரேடியேட்டர் இடுக்குகள்ல படிஞ்சா சிமெண்ட் பூசின மாதிரி. உப்பு அந்த மெல்லிய தகடுகளை அரிச்சும் விடும்.

காத்து உள்ள போகலைன்னா தண்ணி குளிராது, கிளட்ச் விடாது, ஃபேன் ஓயாது. சத்தம் போடறது ஃபேன், நோய் ரேடியேட்டர்ல. இது தெரியாம ஃபேன் கிளட்சை மாத்தி காசைத் தொலைக்கறதும் நடக்குது. மெதுவான தண்ணியை எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா அடிச்சுக் கழுவினா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும். வேகமா அடிச்சா தகடு மடங்கிடும், அது வேற செலவு.

இதே கரித்தூளைத்தான் அந்தத் தெருக்கள்ல மனுஷங்களும் சுவாசிச்சாங்க. ரேடியேட்டரைக் கழுவலாம். நுரையீரலை?

மூணாம் காலம்: காதுக்கு எட்டாத ஃபேன்

பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2017 ஏப்ரல்லயும், 6 விதிகள் 2020 ஏப்ரல்லயும் நாடு முழுக்க வந்தது. புகையைக் குறைக்க எஞ்சினுக்குள்ள செய்யற ஏற்பாடுகளே கூடுதல் சூட்டைக் கொண்டு வந்து குளிர்விக்கற வேலையை அதிகமாக்குது. கனரக வண்டிகள்ல எலெக்ட்ரானிக் முறையில கட்டுப்படுத்தற ஃபேன் கிளட்ச் வந்தது. எப்ப, எவ்வளவு வேகம்னு கம்ப்யூட்டர் சொல்லும். இதுல ஒரு நல்ல புத்தி வச்சிருக்காங்க. ஒயர் அறுந்தாலோ சென்சார் போனாலோ பெரும்பாலும் ஃபேன் முழு வேகத்துக்குப் போயிடும், எஞ்சின் தப்பிக்கட்டும்னு. ஆக, இந்தக் காலத்து வண்டியில ஓயாத இரைச்சல்னா பேரிங்கும் இல்லை, கிளட்சும் இல்லை, எலி கடிச்ச ஒயரா இருக்கலாம்! ஸ்பானரை எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கேனரை மாட்டணும்.

அடுத்து ஏசி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். எத்தனையோ வருஷம் கால் பக்கத்துல எஞ்சின் சூட்டை வச்சுக்கிட்டு ஓட்டினவங்களுக்கு இது எப்பவோ வந்திருக்க வேண்டியது. தொழிற்சாலைக்குள்ள 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்னு வரம்பு வச்ச நாட்டுல, லாரிக்குள்ள உக்காந்தவர் காதை யாரு கணக்குல எடுத்தாங்க? அதனால இதை மனசார வரவேற்கறேன்.

ஆனா ஒண்ணு. ஏசி ஓடினா எஞ்சின் குளிர்ச்சியா இருக்கும்போதும் ஃபேன் பிடிக்கும், அது ஒரு புது "வழக்கமான சத்தம்". கண்ணாடி ஏத்தியிருக்கறதால கீச், கொரகொர, கர்ர் எதுவும் உள்ள வராது. இவ்வளவு நாள் காது செஞ்ச வேலையை இனிமே கண்ணு செய்யணும். முள்ளைப் பார்க்கணும், விளக்கைப் பார்க்கணும், காலையில ரெண்டு நிமிஷம் கீழ இறங்கி நிக்கணும்.

காது போச்சேன்னு நான் ஒப்பாரி வைக்கலை. சென்சார் தூங்காது, பீடி பிடிக்கப் போகாது. ஆனா சென்சார் இருக்கற இடத்துலதான் அதுக்குத் தெரியும். உக்காந்துபோன ரப்பரும், விரிசல் விட்ட இறக்கையும் கம்ப்யூட்டர்ல கோடா வராது. அதுக்கு இன்னும் ஒரு ஆள் குனிஞ்சு கேட்டாகணும். அந்த ஆள் கேக்கறது காமெட்டா, விஸ்கஸா, புது வண்டியான்னும் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கம்பெனி கையேட்டுல போல்ட்டை எவ்வளவு முடுக்கணும்னு எண்ணு இருக்கும். கீச்சுக்கும் கொரகொரவுக்கும் இருக்கற வித்தியாசம் பட்டறையில, வாய் வழியா, அண்ணன் தம்பின்னு கை மாறி வந்தது. காமெட் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை வேலையை விட்டு வீட்டுல உக்கார ஆரம்பிச்சாச்சு. நமக்குத்தான் எழுதற வியாதி இருக்கே மக்களே, உங்க ஊர் பட்டறையில இந்தச் சத்தங்களுக்கெல்லாம் என்ன பேர் வச்சிருக்காங்கன்னு கேட்டு ஆளுக்கு ஒரு பதிவு போடுங்களேன். மதுரையில கீச்சுக்கு வேற பேர் இருக்கும், நாமக்கல்ல கண்டிப்பா இருக்கும்!